கடிதப்பெட்டியில் வைத்த கொடி

பறவைச்சிறகுப் பட்டாம்பூச்சி திரும்பி வந்துவிட்டதாம்.

சொன்னது பேக்கரிக்காரி துய். ஆனால் துய் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாசேஜ் ரோல் வாங்க வந்த குழாய் வேலைக்காரர் அவளிடம் சொன்னாராம். அவரும் பார்க்கவில்லை. அவருடைய மைத்துனி பன்யா ஓடைச் சாலையில் காரில் போகும்போது, யாரோ ஒருவர் வீட்டு வராந்தாவில் பார்த்தாளாம். விரித்த கை அகலம் இருந்ததாம். கறுப்பும் வெளிர்மஞ்சளும். வௌவால் குட்டி என்று பயந்து கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாளாம்.

"எந்த வீடு?" என்று கேட்டாள் டெஸ்லி.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? ஏதோ ஒரு வீடு. உனக்கு சாஸ் வேணுமா, வேண்டாமா?"

"என்னைக்கு நான் சாஸ் இல்லாம தின்னேன்? ஊத்து. அது எலுமிச்சைப் பூச்சியா இருக்கும் துய். பொட்டை எலுமிச்சைப் பூச்சி பெருசாத்தான் இருக்கும். செப்டம்பர் வந்தா போதும், யாராவது ஒருத்தர் அதைப் பாத்துட்டு பறவைச்சிறகு, பறவைச்சிறகுன்னு குதிப்பாங்க."

"வௌவால்னு நினைச்சாளாம் டெஸ். எலுமிச்சைப் பூச்சியைப் பாத்து யாரு வௌவால்னு நினைப்பா?"

"கண்ணாடி போடாதவ நினைப்பா."

இப்படிச் சொல்லிவிட்டுக் கெத்தாக வெளியே வந்தவள், சாசேஜ் ரோலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். துய் அதைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் ஓடி வர வேண்டியிருந்தது. "கண்ணாடி போடாதவளாம்" என்று ஜன்னல் வழியாக அதை நீட்டினாள் துய்.

டெஸ்லி ஹார்ட்னெட்டுக்கு எழுபது வயது. முப்பத்தோரு வருடம் பன்யா ஓடைச் சாலையில் தபால் போட்டவள். அரசாங்கச் சம்பளம் இல்லை, ஒப்பந்த வேலை. வண்டியும் பெட்ரோலும் அவளுடையது. கடிதப்பெட்டிகள் எல்லாம் இடது பக்கம் இருந்ததால் அவளும் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலது காலை நீட்டி பிரேக்கை மிதித்தபடி ஓட்டுவாள். புதிதாக வந்தவர்கள் ஆளில்லாத வண்டி வருகிறது என்று அலறியது உண்டு. வாரத்தில் ஐந்து நாள், அறுபத்து நாலு பெட்டி. ஒருவர் பழைய மைக்ரோவேவ் அடுப்பைக் கம்பத்தில் ஏற்றியிருப்பார். இன்னொருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். பால் பண்ணைக்காரர்கள் பழைய பால்கேனைப் படுக்கவைத்து மூடியில் பெயர் எழுதியிருப்பார்கள். அந்தந்தப் பெட்டியை வைத்து அந்தந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று டெஸ்லி சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. தபால்காரிக்குப் பெட்டியோடு எல்லை முடிந்தது. கூப்பிட்டாலொழிய கேட்டைத் திறக்கக் கூடாது. தீப்பிடித்தால் திறக்கலாம். முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைதான் தீப்பிடித்தது. அப்போதும் கேட்டில் நின்று கத்திவிட்டுத்தான் திறந்தாள்.

பட்டாம்பூச்சிகள் அவளிடம் வந்து சேர்ந்தது வண்டியின் முன்பக்கச் சல்லடை வழியாக. வசந்தத்தில் வெள்ளைப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் சாலையைக் கடந்து போகும். அவை ரேடியேட்டரை அடைத்து வண்டி சூடாகிவிடும். ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது, நடுவில் நீலம் ஒன்று வந்தது. மறுநாள் ஆரஞ்சு ஒன்று. தான் கொன்றவற்றின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாம்பூர் நூலகம் பழைய புத்தகங்களைக் கழித்தபோது ஒன்றை வாங்கிவந்தாள். பிஸ்கட் டின்னில் இறந்த பூச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தாள். பிறகுதான் உயிரோடு இருப்பவற்றை எண்ண ஆரம்பித்தாள்.

இப்போது ஊரில் ஐந்து பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள். வசந்தம் பிறக்கும் செப்டம்பர் தொடங்கினால் வியாழக்கிழமைதோறும், வெயில் இருந்தால், சமூகக்கூடத்திலிருந்து ஓடைப் பாலம் வரை ஒரே சீரான நடை. இடப்பக்கம் ஐந்தடி, வலப்பக்கம் ஐந்தடி, அதற்குள் பறப்பதுதான் கணக்கு. பாதி வழியில் காக்கை அளவு மேக்பை பறவை ஒன்று குஞ்சு பொரித்திருக்கும். தலையைக் கொத்த வரும். டெஸ்லி தொப்பியின் பின்பக்கம் இரண்டு பெரிய கண்களை வரைந்து வைத்திருக்கிறாள். பறவை அந்தக் கண்களுக்கு நடுவில் குறிபார்த்துக் கொத்தும்.

எண்ணும் தாளில் கடைசி வரிசை பறவைச்சிறகு. அந்தக் கட்டத்தில் இருபத்தாறு வசந்தமாக டெஸ்லி பூஜ்யம் போட்டுக்கொண்டு வருகிறாள். வெறுமனே விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வெறுமனே விட்டால் பார்க்கவில்லை என்று அர்த்தம், பூஜ்யம் போட்டால் தேடினோம் என்று அர்த்தம் என்றாள் அவள்.

அந்த வியாழன் நடை முடிந்ததும், மற்ற மூவரும் தேநீருக்குப் போக, டெஸ்லி லொரெலைப் பிடித்துக்கொண்டாள். லொரெல் இரண்டு வருடம் முன்புதான் பிரிஸ்பேனிலிருந்து வந்து குடியேறியவள். நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அபூர்வமான பூச்சிகளின் புழுவை வளர்க்க அரசாங்க அனுமதி வாங்கி வைத்திருந்தாள். எதைப் பார்த்தாலும் லத்தீன் பெயர் சொல்லுவாள். அதற்காக அவளைச் சிலருக்குப் பிடிக்காது.

"மேல பன்யா ஓடை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவோம். எங்கெங்க வராந்தா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"பேக்கரி வதந்திக்கா?"

"வதந்திக்கு யாரு போறா? சும்மா காத்து வாங்க."

சாலையின் கடைசி வளைவில் ஏல்சா மக்கச்சன் வீடு. மஞ்சள் பெயின்ட் அடித்த பால்கேன்தான் கடிதப்பெட்டி. டெஸ்லி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹார்னைத் தட்டினாள்.

"அடி டெஸ்! வாசல்ல நின்னு எத்தனை வருஷம்டி ஹார்ன் அடிப்ப? உள்ள வந்தா கால் தேஞ்சுடுமா?" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் டெஸ்லி கேட்டைத் திறந்தாள்.

ஏல்சாவுக்கு எண்பத்து மூன்று. கணவர் போய்ப் பத்து வருடம். கோழிகளோடும் ரேடியோவோடும் தனியாக இருக்கிறாள். அந்த வீட்டுக்கு மேற்கு வெயில் நேராக விழும். ஆனால் வராந்தாவில் வெயில் இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கொடி. இதய வடிவ இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பச்சைச் சுவராக நின்றன. நடுநடுவே கருஞ்சிவப்புப் புள்ளி போட்ட பூக்கள், புகைபிடிக்கும் சுங்கான் போல வளைந்த காம்போடு தொங்கின.

"இது லொரெல். என்கூட பூச்சி எண்ற பொண்ணு."

"பொண்ணா? எனக்கு அறுபது ஆச்சு."

"எனக்கு நீ பொண்ணுதான். உக்காரு. நீங்க அந்தப் பெரிய பூச்சியைப் பாக்கத்தானே வந்தீங்க?" என்றாள் ஏல்சா. "ஒரு வாரமா வருது. பத்தரை ஆனா போதும், வந்துடும். இவ தபால் போட்ட காலத்துல வர்ற மாதிரி. ஆனா இவ மாதிரி வாசல்ல நிக்காது, நேரா உள்ள வரும்."

பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் பன் வந்தது. தேநீர் வந்தது. கிராண்ட் வந்து தன்னை டூவூம்பாவுக்கு அழைத்துப்போகப் போகிறான், கண்ணில் புரை எடுக்க என்று ஏல்சா சொல்லிக்கொண்டிருந்தாள். கிராண்ட் அவளுடைய மகன். டெஸ்லி தலையாட்டினாள், கேட்கவில்லை. அவள் கண் கூரையின் ஓரத்தில் இருந்தது.

பத்து நாற்பதுக்கு அது வந்தது.

கூரைக்கு மேலே மிதந்து, தகரத்தின் விளிம்பில் சற்றுத் தயங்கி, பிறகு இறங்கியது. பெண் பூச்சி. கறுத்த பழுப்புச் சிறகில் பால் ஏடு நிறத்தில் திட்டுகள், பின்சிறகில் மஞ்சள். சிறகை அடித்ததாகவே தெரியவில்லை. இலை இலையாகத் தொட்டுப் பார்த்தது. ஓர் இலையில் நின்று, வயிற்றை வளைத்து, அடிப்பக்கத்தில் எதையோ ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போனது.

டெஸ்லி ஸ்கோனைக் கீழே வைத்தாள். மடியில் இருந்த தாளை எடுத்தாள். கடைசி வரிசையில், இருபத்தாறு வசந்தத்துப் பூஜ்யங்களுக்குப் பிறகு, ஒன்று என்று எழுதினாள். பென்சில் முனை உடைந்தது. உடைந்த முனையாலேயே அந்த ஒன்றை இன்னொரு முறை அழுத்தினாள்.

"கண்ணு கலங்குதா டெஸ்?"

"ஸ்கோன்ல மாவு. கண்ணுல பட்டுடுச்சு."

"என் ஸ்கோனைக் குத்தம் சொல்லாத. விவசாயக் காட்சியில ரெண்டு தடவை பரிசு வாங்கினது."

 பூச்சி போன பிறகு லொரெல் எழுந்துபோய் இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைய எண்ணினாள். பதினொன்று. பச்சை கலந்த மஞ்சளில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய முட்டைகள். நாலைந்தின் தலை ஏற்கெனவே கறுக்க ஆரம்பித்திருந்தது.

"இந்தக் கொடியை எங்க வாங்கினீங்க ஏல்சா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வாங்கவா? நம்ம டெஸ் குடுத்தது. தொண்ணூத்தி ஒண்ணுல. பால் அட்டைப்பெட்டியைப் பாதியா வெட்டி, அதுல நட்டு, லெட்டரோட லெட்டரா கேன்ல வெச்சுட்டுப் போயிட்டா. பட்டாம்பூச்சி வரும், தண்ணி ஊத்துன்னு ஒரு சீட்டு. நான் முப்பது வருஷம் ஊத்தினேன். இப்பத்தான் வந்திருக்கு பாரு. லேட்டுத்தான், ஆனா டெஸ் சொன்னா சொன்னதுதான்."

லொரெல் டெஸ்லியைப் பார்த்தாள். டெஸ்லி தேநீர்க் கோப்பையின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறிக் கேட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனார்கள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள் லொரெல்.

"சொல்லு."

"அது பிரேசில் கொடி. பறவைச்சிறகுப் புழு திங்கிற நம்ம காட்டுக் கொடியோட பங்காளி, அவ்வளவுதான். வாசனை ஒண்ணுபோல இருக்கும், தாய்ப் பூச்சி ஏமாந்து முட்டை வைக்கும். புழு பொரிஞ்சு முதல் கடி கடிச்சா செத்துடும். ஒண்ணுகூடத் தப்பாது."

"நான் கண்ணால பாத்தேன் லொரெல். பழைய வெண்ணெய் ஆலை வேலியில இந்தக் கொடி. நான் வண்டியில உக்காந்திருக்கேன், அது வந்து முட்டை வெச்சுது. தாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். விதை எடுத்தேன்."

"ஏல்சாவுக்கு மட்டும்தானா?"

டெஸ்லி சாலையைப் பார்த்து ஓட்டினாள். "அறுபத்து மூணு வீட்டுக்கு."

"என்னது?"

"பெட்டி அறுபத்து நாலு. பெர்ரி வீட்டுல மட்டும் வைக்கல. அவன் நாய் கடிக்கும்."

லொரெல் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆண்டவனே. அந்த நாய்க்கு ஒரு சிலை வைக்கணும்."

டெஸ்லிக்குத் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஊராட்சியின் செய்திமடலில் களைச்செடிகளின் படம் போட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது படம் இந்தக் கொடி மாதிரி இருந்தது. கீழே, பறவைச்சிறகின் புழுவுக்கு நஞ்சு என்று ஒரு வரி. மாதிரி இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். அன்று தபாலில் அந்த மடலை அறுபத்து நாலு பெட்டியிலும் போட்டதும் அவள்தான். தன் வீட்டுப் பிரதியை அடுப்பு மூட்டப் பயன்படுத்தினாள். அதை அவள் இரண்டாம் முறை படிக்கவில்லை. பூச்சி வராததற்கு வறட்சியைச் சொன்னாள், பிறகு நெடுஞ்சாலையைச் சொன்னாள்.

"என் தோட்டத்துல நம்ம கொடி ரெண்டு இருக்கு, ஆறு வருஷம் முதிர்ந்தது" என்றாள் லொரெல். "இலையோட வெட்டி எடுத்து வந்து அதுல கட்டிட்டா பொரிக்கிறது பிழைக்கும். அனுமதி என்கிட்ட இருக்கு. ஆனா கொடி அங்க நிக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப அங்கதான் வைக்கும். அடியோட எடுக்கணும். நான் வேணா ஏல்சாகிட்ட சொல்றேன்."

"வேண்டாம். குடுத்தது நான். சொல்றதும் நான்தான்."

"அப்ப சீக்கிரம் சொல்லு. தலை கறுத்துடுச்சு. திங்களுக்குள்ள பொரிஞ்சுடும்."

சொல்வதற்கு மற்ற அறுபத்திரண்டு பேர் ஒரு பெரிய விஷயமில்லை. பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதியில் பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டார்கள், இருப்பவர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஏல்சா வேறு.

எண்பத்தெட்டில் டெஸ்லியின் கணவன் ராஸ் மூன்று மாத வேலைக்கென்று மவுண்ட் ஐசா சுரங்கத்துக்குப் போனான். அங்கே ஒரு காண்டீன்காரியோடு தங்கிவிட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த வருடம் சாலை முழுக்க அதுதான் பேச்சு. தபால் வாங்க வாசலில் நின்றுகொண்டிருப்பவர்கள் அவள் வண்டி வந்ததும் சட்டென்று வேறு விஷயம் பேசுவார்கள். மழை பற்றி ஒரே வாரத்தில் அவ்வளவு பேர் அவளிடம் பேசியதில்லை. ஏல்சா ஒன்றும் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பால்கேனுக்குள் துணியில் சுற்றி ஏதாவது இருக்கும். பாதி பழக் கேக். ஒரு குப்பி சௌசௌ ஊறுகாய். ஆறு முட்டை. பெயர் எழுதியிருக்காது, சீட்டும் இருக்காது. நாலு மாதம் தொடர்ந்து இருந்தது. டெஸ்லி சாப்பிட ஆரம்பித்தாள் என்று எப்படியோ தெரிந்ததும் நின்றுவிட்டது. இருவரும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மூன்று வருடம் கழித்து நாற்று போட்டபோது, இருந்ததிலேயே தடித்த தண்டாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலில் அந்தக் கேனில்தான் வைத்தாள். அதுதான் பதில்.

வெள்ளிக்கிழமை அவள் ஏல்சா வீட்டு வழியாகப் போனாள். ஏல்சா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பைக் கடித்தபடி கையை ஆட்டினாள். டெஸ்லி ஹார்னைத் தட்டிவிட்டு நேரே போய்விட்டாள். வாயில் கிளிப் இருப்பவளிடம் எப்படிப் பேசுவது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஏல்சா தேவாலயத்துக்குப் போவாள், வந்ததும் படுப்பாள். ஞாயிறு மாலை லொரெல் ஒரு பழைய மதிய உணவு டப்பாவையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஈரத் துணி போட்டிருக்கேன். இலைக் காம்போட வெட்டு. சொல்லிட்டியா?"

"நாளைக்கு."

"டெஸ்."

"நாளைக்குன்னு சொன்னேன்ல."

திங்கள் காலை பத்து மணிக்கு மஞ்சள் பால்கேனுக்குப் பக்கத்தில் நின்று ஹார்னைத் தட்டினாள். ஒருமுறை. இரண்டுமுறை. "ஏல்சா!" என்று கூப்பிட்டாள். கோழிகள் மட்டும் பதில் சொல்லின. கைபேசியை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். சுவருக்கு உள்ளே மணி அடிப்பது கேட் வரைக்கும் கேட்டது. அடித்து ஓய்ந்தது.

பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பக்கத்துப் பண்ணை பெவன். கையில் கோழித் தீவன வாளி.

"என்னம்மா தபால்காரி, ரிட்டயர் ஆனது மறந்துபோச்சா?"

"ஏல்சா எங்க?"

"கிராண்ட் வந்து நேத்து டூவூம்பாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். இன்னைக்கு கண் ஆபரேஷன். அடுத்த வெள்ளி வரைக்கும் வரமாட்டா. உன்கிட்ட சொன்னேன்னாளே."

சொல்லியிருந்தாள். ஸ்கோன் சாப்பிடும்போது.

டெஸ்லி கையில் இருந்த கத்தரிக்கோலைப் பெவன் பார்த்தான். "கொடியில ஏதாவது வெட்டணுமா? போய் வெட்டிக்கோ. உன்னை யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினை. முட்டை இருக்கும் இலைகளை வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஏல்சாவின் வராந்தா நிழல் அப்படியே இருக்கும். டெஸ் சொன்னா சொன்னதுதான் என்பதும் அப்படியே இருக்கும். பூச்சி அடுத்த வாரம் மறுபடி வந்து வைக்கும். அதையும் வந்து வெட்டலாம். அவளுக்கு எழுபது வயது, ஒவ்வொரு வசந்தமும் வரலாம். இந்தக் கணக்கு அவள் மனதில் அரை நிமிடம் ஓடியது, சரியாகவும் வந்தது.

"கிராண்டோட நம்பர் வெச்சிருக்கியா?"

"இருக்கு. எதுக்கு? ஆஸ்பத்திரியில இருப்பானே."

"குடு."

பெவன் எண்ணைச் சொன்னான். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாவது முறை சரியாக அழுத்தினாள். அவன் வாளியோடு கோழிக்கூட்டுப் பக்கம் போனான். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது.

அடித்துக்கொண்டிருக்கும்போதே கூரைக்கு மேலே நிழல் ஒன்று கடந்தது. பத்து நாற்பதாகவில்லை, இன்று சீக்கிரம். தகர விளிம்பில் தயங்கி, கொடியின் உச்சியில் ஓர் இலையைத் தொட்டது.

கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு டெஸ்லி கேட்டின் கொக்கியைத் தூக்கினாள். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போனாள். படியேறி, லொரெல் வியாழனன்று புரட்டிப் பார்த்த இலையை, அதன் ஓரத்தில் இருந்த ஓட்டையை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பினாள்.

முட்டை திறந்திருந்தது. பக்கத்தில் புழு. எள் நீளம், கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சிறு முள். தான் வெளிவந்த முட்டையோட்டைத் தின்றுகொண்டிருந்தது. பாதி தின்றாகிவிட்டது. அடுத்தது இலைதான்.

"எடு கிராண்ட்" என்றாள் டெஸ்லி. "எடு, எடு."

சொல்ல வேண்டியதை அவள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் கண் எப்படி இருக்கிறது என்று கேட்பது. பிறகு ஏல்சாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வது. நான் உனக்குக் கொடுத்தது நல்லதில்லை ஏல்சா, எனக்குப் பத்து வருடமாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசித்திருக்கவில்லை.

காம்பில் கத்தரிக்கோலை வைத்து அழுத்தினாள். இலை ஈரத்துணியின்மேல் விழுந்தது. ஒன்று. கோழிக்கூட்டிலிருந்து பெவன் என்னவோ கேட்டான்.  அடுத்த இலையைத் திருப்பினாள். தலைக்கு மேலே அந்தப் பெரிய பூச்சி வயிற்றை வளைத்து இன்னொரு முட்டையை ஒட்டிக்கொண்டிருந்தது. டூவூம்பாவில் யாருடைய பையிலோ, எந்த நாற்காலியின் மேலோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.